வடம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பந்தாட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேரோட்டத்தை ஒரு தடவையாவது பார்த்தவர்களுக்கு அமெரிக்கர்களின் கால்பந்தாட்டத்தைப் புரிய வைப்பது வெகு சுலபம். பார்க்காதவர்களுக்குத்தான் சற்றுக் கஷ்டம். ஆகையால் இந்த வாரம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகிகளை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு பேசப் போகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊரிலும் ஒரு தேர் இருக்கத்தானே செய்யும்!

"விளையாட்டு விஷயமா? அது வீட்டுக்காரருக்கும் பையனுக்கும்" என்று பக்கத்தைப் புரட்டக் கையெடுத்துவிட்ட சகோதரிகளே, கொஞ்சம் பொறுங்கள். தொடர்கதை எங்கும் ஓடிவிடாது. இதிலும் யுத்தம் உண்டு, குடித்தனம் உண்டு, பணமுடை உண்டு, சிநேகம் உண்டு. கடைசியில் ஒரு பெரிய சோதனையும் உண்டு.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயர்தான் கால்பந்து. காலுக்கு அதில் வேலை சொற்பம். பந்தும் உருண்டையாக இராது. உரித்த தேங்காயைச் சற்று நீட்டி, இரண்டு முனையையும் கூராக்கினாற்போல் இருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். அல்லது தூர இருக்கும் கூட்டாளிக்கு எறிவார்கள். பக்கத்துக்குப் பதினொரு பேர். மைதானத்தின் நீளம் 100 கஜம். எதிர்க் கட்சியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்த்துவிட்டால் 6 புள்ளி. ஆனால் ஒரே ஓட்டமாக ஓடிச் சேர்ப்பது அபூர்வம். 10 கஜம் முன்னேற நான்கு தடவை முயன்று பார்க்கலாம். முன்னேறிவிட்டால் இன்னும் நான்கு தடவை கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிராளியின் கைக்குப் போய்விடும்.

இப்போது தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்தவர்கள் எல்லோரும் ஒரே மூச்சாக இழுக்கிறார்கள். பின்னால் சக்கரத்துக்குத் தடி போடுகிறவர்கள் நெம்புகிறார்கள். தேர் அசைகிறது, நாலு அடி நகர்கிறது, நின்று விடுகிறது. மறுபடி கோஷம், மறுபடி இழுப்பு, இன்னும் நாலு அடி. அலங்காரத்தையும் குடையையும் ஆயிரம் கண் பார்க்கின்றன. சக்கரத்தடியில் குனிந்து கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறாரே, அவரை யார் பார்க்கிறார்கள்? அவர் ஒரு கணம் தப்பினால் தேர் தெருவோரத்துக் கடைக்குள் நுழைந்துவிடும்! இந்தப் பந்தாட்டத்திலும் அப்படித்தான். பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறவனுக்குக் கைதட்டல். அவனுக்கு வழி உண்டாக்க முன்வரிசையில் நின்று முட்டி மோதி மண்ணில் புரளுகிறவர்களின் பெயர் பலருக்குத் தெரியாது.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. தேரை எதிர்ப்பக்கத்திலிருந்து யாரும் தள்ளுவதில்லை. பதினொரு தடியர்கள் எதிரே நின்று தள்ளினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் இந்த ஆட்டம். ஓடுகிறவனைப் பிடித்துக் கீழே தள்ளுவது நம் சடுகுடுவைப் போல. ஆனால் பாட்டு கிடையாது. தலைக்குக் கவசம் உண்டு. கவசம் ஏன் வேண்டும் என்று பெற்ற வயிறுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இந்த ஆட்டம் வளர்ந்தது கல்லூரிகளில். பத்திரிகைகளில் படம் வருவது பெரிய சர்வகலாசாலைகளுக்குத்தான். ஆனால் தேசம் முழுவதும் சின்னச் சின்ன ஊர்களில் சின்னச் சின்னக் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து ஊர்க் கல்லூரிகள் ஆறேழு சேர்ந்து, வருஷா வருஷம் ஒன்றோடொன்று ஆடுவது என்று ஏற்பாடு செய்துகொள்ளும். இதற்குக் 'கான்ஃபரன்ஸ்' என்று பெயர். உடனே மேடை, மாலை, வரவேற்புரை என்று எண்ணிவிடாதீர்கள்! ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கே மில் சங்கு, இங்கே கோயில் மணி. அங்கே நாயின் பெருமை, இங்கே பால்கோவாவின் பெருமை. கொள்வினை கொடுப்பினை எல்லாம் இருக்கும். ஆனால் இரண்டு ஊர்ப் பள்ளிக்கூடங்களும் மோதுகிற அன்று மட்டும் மாமனும் மச்சானும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இதே மாதிரியான ஊர்கள் ஆறேழைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதுதான் கான்ஃபரன்ஸ்.

சிற்றூர் என்றால் சிறுமை என்று எண்ணக் கூடாது. 1949-ல் சென்னை மாகாணத்துக்குப் பிரதம மந்திரியாக வந்த பி. எஸ். குமாரசாமி ராஜா எந்த ஊர்க்காரர்? ராஜபாளையத்துக்காரர்தானே! அமெரிக்காவிலும் அப்படித்தான். ஒஹையோ ராஜ்யத்தில் ஓபர்லின் என்று ஒரு சின்னக் கல்லூரி. 1921-ல் அந்தக் கல்லூரியின் கோஷ்டி, மாபெரும் ஒஹையோ ஸ்டேட் சர்வகலாசாலையை 7-6 என்று தோற்கடித்துவிட்டது. நமக்கு அதைவிட முக்கியம் வேறொன்று. பெண்களுக்கும் ஆண்களோடு சமமாகப் பட்டப் படிப்பு உண்டு என்று 1837-லேயே கதவைத் திறந்த கல்லூரி அது. அங்கே படித்துப் பட்டம் பெற்ற வாலிபர்களும் யுவதிகளும் பிற்காலத்தில் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் வந்து தங்கிப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். லேடி டோக் கல்லூரி, கேட்டி வில்காக்ஸ் அம்மையார் 1948-ல் பெண்களுக்கென்று ஆரம்பித்தது. ஆகவே ஒஹையோவின் ஒரு சின்ன ஊருக்கும் நம் மதுரைச் சீமைக்கும் நூலிழையாக ஓர் உறவு உண்டு.

இனி கதைக்கு வருவோம்.

இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கா இறங்கியதும் வாலிபர்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். சின்னக் கல்லூரிகள் பலவற்றில் பந்தாட்டமே நின்றுபோயிற்று. பதினொரு பையன்களைத் திரட்டுவது கஷ்டம். பஸ்ஸுக்குப் பெட்ரோல் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். அந்த வருஷங்களில் எத்தனையோ கல்லூரிகள் மூடாமல் இருந்ததற்குப் பெண் மாணவிகளே காரணம். இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1945-ல் யுத்தம் முடிந்தது. லட்சக்கணக்கான சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதிலாக 1944 ஜூன் 22-ம் தேதியே அங்கே ஒரு சட்டம் நிறைவேறியிருந்தது. படிக்க விரும்புகிற சிப்பாய்க்கு வருஷத்துக்கு 500 டாலர் வரை கல்லூரிச் சம்பளத்தைச் சர்க்காரே கட்டும். அதோடு சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் 50 டாலர். குடும்பஸ்தராக இருந்தால் 75. பிறகு இது 65 என்றும் 90 என்றும் உயர்ந்தது. சுமார் 22 லட்சம் பேர் இப்படிக் கல்லூரிக்குப் போனார்கள். 1947-ல் கல்லூரி மாணாக்கர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பழைய சிப்பாய்கள்!

குடித்தனம் உண்டு என்றேனே, அது இங்கேதான். அதுவரை கல்லூரி மாணவன் என்றால் மீசை அரும்பாத பையன். இப்போதோ இருபத்தைந்து வயது ஆசாமி, ஒரு கையில் புஸ்தகம், இன்னொரு கையில் குழந்தை! இவர்களைக் குடியமர்த்த இடம் போதவில்லை. பட்டாளத்தார் கழித்துப்போட்ட தகரக் கொட்டகைகளையும் வண்டி வீடுகளையும் கல்லூரி மைதானத்து ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அவற்றில் இளம் மனைவிமார்கள் ஸ்டவ்வைப் பற்ற வைத்து, குழந்தைத் துணியைக் கொடியில் காயப் போட்டு, 90 டாலரில் மாதத்தை ஓட்டினார்கள். பட்டம் வாங்கியவர் கணவர். அந்தப் பட்டத்தில் பாதி யாருடையது என்று உங்களுக்கே தெரியும்.

மைதானத்தை எண்ணிப் பாருங்கள். பதினெட்டு வயதுப் பையனுக்குப் பக்கத்தில், பீரங்கிச் சத்தம் கேட்டுப் பழகிய ஆள் நிற்கிறான். "ஓடு, தூங்காதே!" என்று பயிற்சியாளர் அதட்டினால் அவனுக்குச் சிரிப்புத்தான் வரும். பல வருஷம் விட்டுப்போன ஆட்டம், யுத்தம் முடிந்த கையோடு, இரட்டிப்பு வேகத்தில் திரும்பியது. வடக்குக் கரோலினாவில் ஸால்ஸ்பரி என்ற ஊரில் இருக்கும் கட்டாபா கல்லூரியைக் கேளுங்கள். 'நார்த் ஸ்டேட்' என்ற சிறு கல்லூரிக் கூட்டத்தில் ஈலான், கில்ஃபோர்டு, லெனோர்-ரைன் முதலிய அண்டை ஊர்க் கல்லூரிகளோடு ஆடி வந்த கோஷ்டி அது. 1947 ஜனவரி 1-ம் தேதி, பிளாரிடாவில் ஆர்லாண்டோ ஊரார் முதன்முதலாக நடத்திய 'டாஞ்ஜரின் பௌல்' பந்தயத்துக்கு அதை அழைத்தார்கள். டென்னஸி ராஜ்யத்து மேரிவில் கல்லூரியை 31-6 என்று ஜெயித்தது. டாஞ்ஜரின் என்றால் ஒரு வகைக் கமலா ஆரஞ்சு. அந்தச் சீமையில் அதுதான் விளைச்சல். ஸ்ரீவில்லிபுத்தூரில் 'பால்கோவாக் கோப்பை' என்று நடத்தினால் எப்படி இருக்கும், அந்த மாதிரிதான்! யுத்தத்தில் மகனைப் பறிகொடுக்காமல் மீட்டுக்கொண்ட ஊர்களுக்கு, ஞாயிறு கோயிலுக்கு முந்தின நாள் சனிக்கிழமை இப்படி ஒன்றாக உட்கார்ந்து கத்துவதே ஒரு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் எல்லார் வீட்டிலும் விருந்து நடக்கவில்லை. கல்லூரிகளைக் காத்து நின்ற பெண்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனல்லவா? சிப்பாய்களுக்கு இடம் வேண்டும் என்று சொல்லிப் பல கல்லூரிகள் பெண்களைச் சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டன. "கஷ்டகாலத்தில் நீ வா, நல்ல காலத்தில் ஓரமாக நில்" என்பது எந்தத் தேசத்துப் பெண்ணுக்கும் புதிய சமாசாரம் அல்லவே!

கறுப்பர் சமூகத்துச் சிப்பாய்களுக்கு இன்னும் மோசம். ஒரே யுத்தத்தில் சண்டை போட்டவர்கள்தான். ஆயினும் தெற்கு ராஜ்யங்களில் வெள்ளையர் கல்லூரிகளின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. பந்தாட்டத்திலோ எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வடக்குக் கல்லூரி தெற்கே ஆட வந்தால், தன் கோஷ்டியிலுள்ள கறுப்பர்களை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்! கல்லூரிகளும் வெகு காலம் அப்படியே செய்து வந்தன. "மரியாதைக்காக" என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள்.

1946-ல் பென் ஸ்டேட் கல்லூரிக்கு மயாமியில் ஒரு பந்தயம் இருந்தது. கறுப்பர்களை அழைத்து வரக் கூடாது என்று தெரிந்ததும் ஆட்டக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பந்தயமே வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டார்கள். 1948 ஜனவரி 1-ம் தேதி அதே கல்லூரி, டெக்ஸாஸில் டல்லஸ் நகரில் நடந்த 'காட்டன் பௌல்' பந்தயத்தில், வாலஸ் ட்ரிப்லெட், டென்னி ஹாகர்டு என்ற இரண்டு கறுப்பு வாலிபர்களோடு இறங்கி ஆடியது. ஆட்டம் 13-13 என்று சமமாக முடிந்தது. சமம் என்ற சொல்லுக்கு அன்று இரண்டு அர்த்தம்.

ஆனால் நான் சொல்ல வந்த சோதனை 1951-ல் நடந்தது. ஸான் பிரான்ஸிஸ்கோ சர்வகலாசாலை, பாதிரிமார்கள் நடத்திய சிறு கல்லூரி. அந்த வருஷம் ஒன்பது பந்தயம், ஒன்பதிலும் வெற்றி. கோஷ்டியில் ஆலி மாட்ஸன், பர்ல் டோலர் என்று இரண்டு கறுப்பு வாலிபர்கள். ஜீனோ மார்கெட்டி என்ற இன்னொருவர் பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். கல்லூரியின் பந்தாட்டக் கணக்கிலோ நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். புது வருஷப் பெரிய பந்தயங்களில் ஒன்றுக்கு அழைப்பு வந்தால் கடனும் அடையும், ஆட்டமும் பிழைக்கும்.

அழைப்பு வருவதாகவும் இருந்தது. ஒரு நிபந்தனை. அந்த இருவரையும் விட்டுவிட்டு வர வேண்டும்.

வீட்டுக்கு வீடு நாம் என்ன பேசியிருப்போம்? "இரண்டு பேருக்காக முப்பது பேர் எதிர்காலத்தைக் கெடுத்துக்கொள்வதா? அவர்களே பெரிய மனசு பண்ணி விலகிக்கொள்ளட்டுமே!" என்று ஒரு பெரியவராவது சொல்லியிருப்பார். அந்தப் பையன்களோ நீண்ட விவாதத்தில் இறங்கவில்லை. அவர்கள் இல்லாமல் நாங்கள் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பெரிய பந்தயம் கைவிட்டுப் போயிற்று. அந்தப் பருவத்தோடு கல்லூரி பந்தாட்டக் கோஷ்டியையே கலைத்துவிட்டது.

பிறகு என்ன ஆயிற்று? மாட்ஸன் 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓடி, 400 மீட்டரில் வெண்கலமும், தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். அவரும் மார்கெட்டியும் பாப் ஸெயின்ட் கிளேர் என்ற இன்னொருவரும் தொழில்முறை ஆட்டத்தில் புகழ் ஏணியின் உச்சிக்கே போனார்கள். டோலருக்கு முழங்காலில் அடிபட்டு ஆட்டம் முடிந்துபோயிற்று. அவர் வாத்தியாரானார், ஸான் பிரான்ஸிஸ்கோவில் தலைமையாசிரியரும் ஆனார். 1965-ல் தொழில்முறைப் பந்தாட்டத்தில் நடுவராக நின்ற முதல் கறுப்பரும் அவர்தான். எந்த மைதானத்தில் ஆட வராதே என்றார்களோ, அந்த விளையாட்டில் அவர் ஊதிய விசிலுக்கு எல்லோரும் நின்றார்கள்!

இந்தக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? அதே காலத்தில் நம் நாட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1939 ஜூலை 8-ம் தேதி மதுரையில் அ. வைத்தியநாதய்யர், கக்கன் முதலானோரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். எல்லோருக்கும் கோயில் கதவைத் திறக்கும் சட்டம் 1947-ல் சென்னை மாகாணத்தில் வந்தது. கதவைச் சட்டம் திறந்துவிடும். வடத்தில் பக்கத்துக் கைக்கு இடம் விடுவது மனிதர்கள் செய்ய வேண்டிய காரியம். அங்கே தோலின் நிறம். இங்கே பிறந்த தெரு. "நீ மட்டும் ஓரமாக நில்" என்ற பேச்சு ஒன்றுதான்.

விளையாட்டுக் கோஷ்டி என்பது பிள்ளைகள் இந்தப் பேச்சை முதன்முதலில் சந்திக்கிற இடம். ஆகவேதான் பெண் குழந்தைகளையும் அங்கே அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எட்டாம் வகுப்பு வரை கபடியிலும் வாலிபாலிலும் துள்ளிக்கொண்டிருந்த பெண்ணைப் பத்தாம் வகுப்பு வந்ததும் முதல் காரியமாக மைதானத்திலிருந்து கழற்றிவிடுகிறோம். பரீட்சை என்கிறோம், வெயில் என்கிறோம், வயசுப் பெண் என்கிறோம். சென்னை கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கிய இந்தியக் கோஷ்டியில் ஆடினாள். அவள் வீட்டிலும் வெயில் அடித்திருக்கும், பரீட்சையும் வந்திருக்கும்!

இன்னொரு சேதி. முட்டி மோதுகிற இந்த அமெரிக்க ஆட்டத்திலிருந்து சாதுவான தங்கை ஒருத்தி பிறந்திருக்கிறாள். ஆளைத் தள்ள வேண்டாம். இடுப்பில் தொங்கும் நாடாவை உருவிவிட்டால் போதும். பக்கத்துக்கு ஐந்து பேர். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதைச் சேர்த்திருக்கிறார்கள். தாவணி நுனியைப் பிடித்து இழுத்து விளையாடிய நம் பெண்களுக்கு இது வராதா என்ன!

வெற்றியைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பதினொரு பேர் எல்லா நாளும் ஜெயிக்க முடியாது. உங்கள் பிள்ளையோ பெண்ணோ பந்தயம் முடிந்து புழுதியோடு வீட்டுக்குள் நுழையும்போது, "ஜெயித்தாயா?" என்று கேட்பீர்கள், கேளுங்கள். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு இன்னொன்றும் கேளுங்கள்: "இன்றைக்கு யாரையாவது வேண்டுமென்றே வெளியே உட்கார வைத்தீர்களா? நீ என்ன சொன்னாய்?"